குழாயடியில் முளைத்த செடி

என் மாமியாருக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று விளங்க வைக்க ஒரு வருடம் ஆனது. சிங்கம்புணரியில் அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடம், ‘மருமக காரைக்குடியில ஆராய்ச்சி பண்ணுது’ என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

‘இலையிலேருந்து பிளாஸ்டிக் எடுக்குறேன் மாமி.’

‘இலையில சாயம் இருக்கும், மருந்து இருக்கும். பிளாஸ்டிக் எப்படிம்மா இருக்கும்?’

‘நாங்க வைக்கிறோம்.’

‘நீங்களே வச்சுட்டு நீங்களே எடுக்குறீகளாக்கும்?’

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை.

மண்ணில் ஒரு வகை பாக்டீரியா உண்டு. சாப்பாடு மிஞ்சும்போது நமக்குக் கொழுப்பு சேர்வதுபோல அதன் உடம்புக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் சேரும். அந்த உருண்டைதான் பிளாஸ்டிக். குப்பையில் போட்டால் மக்கிப் போகிற பிளாஸ்டிக். அதைச் செய்வதற்கான மரபணுக்களை எடுத்துப் புகையிலைச் செடிக்குள் வைத்துவிட்டால், செடி வெயிலையும் தண்ணீரையும் கொண்டு தன் இலைக்குள்ளேயே அதே உருண்டைகளைச் செய்யும். செடியை உருவாக்கியது எனக்கு முன்னால் இருந்தவர்கள். இலையிலிருந்து அந்த உருண்டைகளைப் பிரித்தெடுப்பது என் பங்கு.

நான் சேர்ந்தபோது நாங்கள் நான்கு பேர். ஒருவர் வெளிநாட்டுக்குப் போனார். ஒரு பெண் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போனாள். திட்டத்தின் தலைவருக்குச் சென்னையில் பெரிய பொறுப்பு வந்தது. மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவர், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தார். இரண்டாவது வருட முடிவில் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டின் சாவியும் பிரித்தெடுக்கும் அறையின் சாவியும் ஒரே வளையத்தில் என் பையில் இருந்தன. திட்டத்தின் ஊழியர் பட்டியலில் ஆராய்ச்சியாளர் என்று என் பெயருக்கு மேலேயும் கீழேயும் வேறு பெயர் இல்லை.

சிங்கம்புணரியிலிருந்து தினமும் திருப்பத்தூர் வழியாக பஸ் மாறி வந்து போவது கட்டுப்படியாகவில்லை. செக்காலைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தேன். என் கணவர் சவுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே செய்வதும் பிளாஸ்டிக்தான், எண்ணெயிலிருந்து. வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

கண்ணாடி வீட்டில் அறுபது எழுபது தொட்டிகளில் செடிகள் இருந்தன. சாதாரணப் புகையிலை என் தோளுக்கு வளரும். இவை இடுப்புக்கு வரவே பாடுபட்டன. எந்தச் செடியில் பிளாஸ்டிக் அதிகமோ அது இன்னும் குள்ளம், இன்னும் வெளிறிய பச்சை. சாப்பாடெல்லாம் உருண்டைக்குப் போய்விட்டால் செடிக்கு என்ன மிஞ்சும்? நல்ல மகசூல் வேண்டும் என்றால் நோயாளி மாதிரி இருக்கிற செடியைத்தான் தேடிப் பறிக்க வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. பிறகு பழகிவிட்டது.

இலைகளை உறைய வைத்து உலர்த்தி, மாவாக அரைப்பேன். மெத்தனாலில் திரும்பத் திரும்பக் கழுவினால் பச்சை இறங்கிக்கொண்டே வரும். ஏழெட்டுத் தரம் கழுவிய பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு தூள் மிஞ்சும். அதைக் கண்ணாடிக் கருவியில் வைத்துக் குளோரோஃபார்மைக் கொதிக்க விட வேண்டும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகத் தூளின் மேல் விழும், நிறைந்ததும் ஒரே மூச்சாக வடிந்து இறங்கும், மறுபடி ஏறும். இப்படி ஒரு பகல் முழுதும். அந்த நேரத்தில் அறையை விட்டு வெகுதூரம் போக முடியாது. கடைசியில் வடிந்ததைச் சுண்ட வைத்து, குளிர்ந்த மெத்தனாலில் ஊற்றினால் பால் திரிவதுபோல வெள்ளையாக ஏதோ பிரிந்து வரும். வடிகட்டிக் காய வைத்தால் ஒரு கூடை இலைக்கு இரண்டு சிட்டிகை.

ரமலானில் ஒரு நாள் அந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தபோதே பொழுது சாய்ந்து மஃரிப் நேரம் வந்துவிட்டது. அறைக்குள் எதையும் சாப்பிடக் கூடாது. வெளியே வராந்தாப் படிக்கட்டில் உட்கார்ந்து, கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே நோன்பு திறந்தேன். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்திருந்தேன். பள்ளிவாசலில் கஞ்சி வாங்கி வைக்க ஆளில்லை. துப்புரவு வேலை பார்க்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பி வந்தவர் நின்றார்.

‘என்ன மேடம், இங்குட்டுத் தனியா உக்காந்து சாப்புடுறீக?’

‘நோன்புக்கா. உள்ள வேலை ஓடுது.’

அவர் தன் பையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு அரியக்குடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அந்த வருட நோன்பில் நோன்பு திறக்கிற நேரத்தில் நான் வேறொருவர் கையால் வாங்கிச் சாப்பிட்டது அந்த ஒரு நாள்தான்.

சேர்ந்து மூன்றாவது வருடத்தில் முதல் தகடு வந்தது. வெள்ளைத் தூளை மறுபடி குளோரோஃபார்மில் கரைத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, மறுநாள் இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை அகலத்தில், பால் கலந்த தண்ணீரின் நிறத்தில், ஒரு தாள் உரிந்து வந்தது. கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தேன். காட்ட யாருமில்லை. நான்கு மேஜை, மூன்றில் தூசி.

இரண்டரை மணிக்கு என் கணவர் அழைத்தார். அவருக்குப் பன்னிரண்டு மணி, சாப்பாட்டு நேரம். வீடியோவில் காட்டினேன்.

‘போனுக்குப் பக்கத்துல வச்சுக் கசக்கிக் காட்டு.’

‘எதுக்கு?’

‘சத்தத்த வச்சுச் சொல்லிருவேன்.’

கசக்கினேன். கவனமாகக் கேட்டார். ‘ஒடஞ்சுரும் போலயே புள்ள. எங்க சரக்கு இழுத்தா இழுபடும்.’

அவர் சொன்னது சரி. இந்த வகையின் பெரிய குறையே அதுதான், மடித்தால் முறியும். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. ‘இத மண்ணுல பொதச்சா கொஞ்ச மாசத்துல இருந்த எடம் தெரியாது. உங்க சரக்கு?’

‘நான் மௌத்தானப்புறமும் கெடக்கும்’ என்றார். பிறகு, ‘நல்லாத்தான் இருக்கு. பத்திரமா வையி’ என்றார். அதற்குள் அவருக்கு நேரம் முடிந்துவிட்டது.

இந்த இரண்டரை மணி அழைப்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

கண்ணாடி வீட்டுக்கு இரண்டு கதவு. இடையில் ஒரு சின்ன அறை. அங்கே நம் செருப்பைக் கழற்றிவிட்டு நீல ரப்பர் செருப்பு போட வேண்டும், மேலங்கி மாட்ட வேண்டும். நீலச் செருப்பு உள்ளேயே இருக்க வேண்டும். வெளி மண்ணைத் தொடக் கூடாது. மரபணு மாற்றிய செடியின் விதையோ துணுக்கோ வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. புகையிலை விதை பொடி மாதிரி இருக்கும். விரல் நுனியில் ஒட்டினால் எண்ண முடியாது. பூவெல்லாம் பை கட்டி மூடியிருக்கும், விதை முற்றியதும் பையோடு வெட்டி எடுப்போம். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சில தரையில் விழும்.

உள்ளே போனில் சிக்னல் ஒரு கோடுதான் வரும். மணி அடிக்கும், எடுத்தால் பேச்சு கேட்காது. அவருக்குக் கிடைப்பது கால் மணி நேரம். செருப்பு மாற்றி, மேலங்கி கழற்றி, கை கழுவி வெளியே வருவதற்குள் மணி நின்றுவிடும். திரும்பக் கூப்பிட்டால் அவர் சாப்பிட்டுக் கிளம்பியிருப்பார். அதனால் நீலச் செருப்போடு, மேலங்கியோடு, இரண்டு கதவையும் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி, குழாயடியில் நின்று பேசுவேன். அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். எத்தனை தடவை என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் ஒன்றிரண்டு என்று சொல்லியிருப்பேன். எனக்கே அப்படித்தான் தோன்றியது.

ஐப்பசி மழை விட்டு ஒரு வாரம் இருக்கும். குழாயடியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். சிமெண்டுத் தளத்தின் ஓரத்தில், தண்ணீர் வழிந்து நிற்கிற இடத்தில், புல்லுக்கு நடுவே நான்கைந்து இலையோடு ஒரு செடி. வெளிறிய பச்சை. ஏதோ களை என்று பிடுங்கக் கை வைத்தேன். இலை விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. புகையிலை இலை அப்படித்தான் ஒட்டும். நான்கு வருடமாகத் தினமும் என் கையில் ஒட்டிய பிசின்.

கையை எடுத்துவிட்டேன். பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அதை மூடினேன். மேலே ஒரு கல்லும் வைத்தேன்.

சாதாரணப் புகையிலையாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. நக அளவு இலையைக் கிள்ளிப் போய்ச் சாயம் ஏற்றி, இருட்டறையில் நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். அந்த உருண்டைகள் இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். ஒளிர்ந்தன. இலையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தணல் துணுக்குகள் மாதிரி நிறைய. அழகாக இருந்தது. உள்ளே இருந்த செடிகளில்கூட இவ்வளவு அடர்த்தியாக நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒரு நிமிடம் என் மனசு போனது உண்மை. பிறகுதான் அது எங்கே முளைத்தது என்பது நினைவுக்கு வந்தது.

என்ன செய்யலாம் என்று உட்கார்ந்தேன். ஆட்டோகிளேவ் என்று ஒரு கருவி, பெரிய பிரஷர் குக்கர் மாதிரி. செடிக் கழிவையெல்லாம் அதில்தான் வேக வைத்துக் கொல்வோம். அது பத்தடி தூரத்தில் இருந்தது. பிடுங்கி உள்ளே போட்டால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். செடி பூக்கவில்லை. பூக்காததால் விதை இல்லை. ஒரு ஆடு கடித்ததில்லை, ஒரு பூச்சி உட்கார்ந்ததில்லை. யாருக்கும் ஒரு கெடுதலும் நடக்கவில்லை. இதையெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். எல்லாமே உண்மைதான். ஆனால் இங்கே ஒன்று முளைத்ததை நான் பார்த்தேன். பார்க்காத இடத்தில் முளைத்ததை யார் தேடுவது? நான் சொல்லாவிட்டால் யாரும் தேடப் போவதில்லை.

திட்டத் தலைவருக்குச் சென்னைக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு, ‘யாராவது பாத்தாங்களா?’ என்றார்.

‘நான் பாத்தேன் சார்.’

‘அதில்லம்மா. வேற யாராவது.’

‘இல்ல சார்.’

‘அவசரப்பட வேண்டாம். அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பம் போயிருக்கு, உங்களுக்கே தெரியும். காலையில நிதானமாப் பேசுவோம்’ என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. பதினைந்து வருடம் இதற்காக உழைத்தவர். எனக்கு வேலை கொடுத்தவர். காலை வரை காத்திருந்தால் அவர் சொல்வதை நான் கேட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலமே மரபணு மாற்றிய செடிகளைக் கண்காணிக்கும் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதி அனுப்பினேன், அவருக்கும் ஒரு நகல் வைத்து. மறுநாள் அவர் அழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அழைக்கவில்லை. சொல்ல வேண்டியது அலுவலகம் வழியாகக் கடிதமாக வந்தது.

குழு மூன்று பேர் வந்தார்கள். சுற்றிலும் கயிறு கட்டி, தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தேடினார்கள். வேறெங்கும் கிடைக்கவில்லை. கண்ணாடி வீட்டைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். பிறகு என்னை ஒரு அறையில் உட்கார வைத்துக் கேட்டார்கள். கேட்டவர் என் வயதுப் பெண். கடுமையாக ஒரு சொல் சொல்லவில்லை.

‘உள்செருப்போட வெளிய வந்ததா எழுதியிருக்கீங்க. என்ன காரணம்?’

‘போன் வந்துச்சு.’

‘அலுவலகப் போனா?’

‘இல்ல. என் வீட்டுக்காரர்.’

‘ஏதாவது அவசரமா?’

‘இல்ல.’

‘எப்பவாவது நடந்ததா?’

அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

‘தினமும்’ என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மூன்றாவது பக்கத்தில் அந்த வார்த்தை இருந்தது. ஒரு பெண் தன் கணவனிடம் கால் மணி நேரம் பேசத் தினமும் ஓடினாள் என்பது இப்போது அரசாங்கத்தின் ஒரு கோப்பில் இருக்கிறது. திட்டம் நிற்கப் போகிறதே என்பதைவிட அன்று எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்று ஊரில் யாரிடமும் காட்டிக்கொண்டதே கிடையாது. மாமி கேட்டால், அம்மா கேட்டால், ‘எனக்கென்ன, வேலை சரியா இருக்கு’ என்பேன்.

அதன்பிறகு கேன்டீனில் மாற்றம் தெரிந்தது. மற்றப் பிரிவுக்காரர்கள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் தட்டோடு போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும், இரண்டு நிமிடத்தில் ஒருவர் பின் ஒருவராகக் கை கழுவப் போவார்கள். எல்லா ஆய்வகத்துக்கும் சோதனை வந்துவிட்டது, எல்லோருக்கும் எழுத்து வேலை கூடிவிட்டது. அதற்குக் காரணம் நான். ஒருவர் மட்டும் நேராகவே கேட்டார்: ‘பிடுங்கிப் போட்டுட்டு வேலையப் பாத்திருக்கலாமே?’ வேறு நாளாக இருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ.

துப்புரவு வேலை பார்க்கும் அரியக்குடி அக்கா பயந்துபோயிருந்தார். விஷச்செடி தப்பிவிட்டது என்று வெளியே யாரோ சொல்லியிருக்கிறார்கள். ‘அந்தக் குழாயிலதான மேடம் நான் தெனம் கை கழுவுறேன். கழுவிட்டுத்தான் சோறு திங்கிறேன். எம் பிள்ளைகளுக்கு எதுவும் ஆயிராதே?’

அவரை உட்கார வைத்துச் சொன்னேன். விஷமில்லை, தொட்டால் ஒன்றும் ஆகாது, மண்ணில் ஏற்கனவே இருக்கிற பூச்சி செய்கிற பொருள்தான் அது. நான் தினமும் கையாலேயே தொட்டிருக்கிறேன். அவர் என் கையை வாங்கி உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, ‘அப்பச் சரி’ என்றார். ஆனாலும் அன்றிலிருந்து வேறு குழாய்க்குப் போனார்.

இவ்வளவும் நடந்தபோது என் கணவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அழைப்பை எடுக்காமல் விட்டேன். ‘வேலை’ என்று செய்தி அனுப்பினேன். அவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து தொடர்ந்து அழைத்தார். எடுத்தேன்.

‘என்ன நடக்குது? அம்மாகிட்டக் கேட்டா தெரியலங்குறாக. ஒடம்பு சரியில்லையா?’

சொன்னேன். செடியைச் சொன்னேன், நுண்ணோக்கியைச் சொன்னேன், குழுவைச் சொன்னேன். செருப்பைக் கடைசியில்தான் சொன்னேன். ‘நீங்க கூப்புடும்போதுதான் மச்சான். கட்டாயிருமேன்னு ஓடி வருவேன்.’

லைன் போய்விட்டதோ என்று, ‘இருக்கீகளா?’ என்றேன்.

‘இருக்கேன்.’

பிறகு அவர் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். பல வருடம் முன்பு, அவர் வேலைக்குப் புதிது. ஒரு குழாயின் அழுத்தம் காட்டும் முள் தப்பாக நிற்பதை அவரும் இன்னொருவரும் பார்த்திருக்கிறார்கள். ஷிப்ட் முடிய அரை மணி நேரம்தான். சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்தி, எழுதி, விளக்கி, வீடு போக நேரமாகும். அடுத்த ஷிப்ட்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வந்துவிட்டார்கள். அடுத்த ஷிப்டில் ஒரு நேபாளிக்குக் கை வெந்துபோனது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். முள்ளை முன்னாலேயே யாராவது பார்த்தார்களா என்று விசாரித்தபோது இருவரும் இல்லை என்றார்கள்.

‘அவன் கை எப்பவும் எங் கண்ணு முன்னால நிக்கும். நீ எழுதிக் குடுத்துட்ட. நல்லதுதான்’ என்றார்.

நான் அழுதேன். அவர் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. கடைசியில், ‘இனிமே வேலை நேரத்துல கூப்புட மாட்டேன்’ என்றார்.

அவர் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் இரண்டரை மணிக்குப் போன் மேஜைமேல் சும்மா கிடந்தது. அதற்கடுத்த நாளும். கண்ணாடி வீடு பூட்டிக் கிடக்கிறது, நான் உள்ளே போகவே போவதில்லை, இப்போது கூப்பிட்டால் என்ன என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதை என் தண்டனையாக நானே எடுத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். குழு எனக்குத் தந்தது ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும்தான்.

தை மாதம் முத்திரையை உடைத்துச் செடிகளை அழிக்க உத்தரவு வந்தது. திட்டத்துக்கு நீட்டிப்பு இல்லை. அறுபத்திரண்டு தொட்டி. ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கி, தடித்த பைகளில் கட்டி, ஆட்டோகிளேவில் ஏற்றினேன். மண்ணையும் விடக் கூடாது. மூன்று நாள் ஆனது. வெந்த புகையிலை வாடை தலைமுடியில் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் குளித்தாலும் போகவில்லை. கடைசித் தொட்டியைக் காலி செய்து, தரையை மருந்து ஊற்றிக் கழுவிவிட்டு நின்றபோது கண்ணாடி வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. நான் இருமியது எதிரொலித்தது.

ஆனால் என் வேலை முடியவில்லை. குழாயடியைச் சுற்றி ஐம்பது அடிக்கு ஒரு வருடம் மாதந்தோறும் தேடிப் பார்த்து எழுத வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. வேறு பிரிவில் எனக்கு அரை நாள் வேலை கொடுத்து வைத்திருந்தார்கள். மாதத்தின் முதல் வாரம், காலை வெயில் ஏறுமுன், ஒரு நோட்டும் ஒரு குச்சியுமாகக் குனிந்து அந்த இடம் முழுவதையும் நடப்பேன். செம்மண்ணில் எது முளைத்தாலும் நின்று, தொட்டு, ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். ஜன்னலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி இருந்திருக்கும். ஒவ்வொரு மாதமும் நோட்டில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

ஆனியில் என் கணவர் லீவில் வந்தார். அந்த மாதத் தேடலுக்கு நானும் வரட்டுமா என்று கேட்டார். வாசலில் அனுமதி வாங்கி அழைத்துப் போனேன். கண்ணாடி வீட்டை வெளியிலிருந்து பார்த்தார். குழாயைப் பார்த்தார். ‘இங்கனதான் நிப்பியா?’ என்றார். ‘ஆமா.’ அவ்வளவுதான். பிறகு பேன்ட்டை மடித்துவிட்டு என் பக்கத்தில் குனிந்து நடந்தார்.

‘இது என்னது?’

‘குப்பைமேனி.’

‘இது?’

‘தும்பை.’

‘இது?’

‘தெரியல.’

‘படிச்சவுகளுக்கே தெரியலையா?’

‘எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு செடிதான்’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்தத் தெரியாத செடியைத் தொட்டு, விரலைத் தேய்த்துப் பார்த்து, ‘ஒட்டல’ என்றார். ஒரு மணி நேரம் வெயிலில் அப்படியே நடந்தோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வேலையில் அவர் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு மணி நேரம். நோட்டில் ‘இல்லை’ என்று நான் எழுதியதை எட்டிப் பார்த்தார். ‘நாளைக்கும் வரட்டுமா?’ என்றார். மாதம் ஒரு தடவைதான் என்றேன். அடுத்த மாதம் அவர் சவுதியில் இருந்தார்.

மீதி மாதங்களை நான் தனியாக நடந்தேன். கடைசி மாதம் அறிக்கையை அனுப்பியபோது, பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. சாவி வளையத்தை அலுவலகத்தில் கொடுத்தேன். பிரித்தெடுத்த வெள்ளைத் தூள் ஒரு சின்னப் புட்டியில் அலமாரியில் இருந்தது. அதற்கு உயிரில்லை என்பதால் அழிக்கச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தெளிவாக எழுதி ஒட்டி வைத்துவிட்டு வந்தேன். இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். நேமத்தான்பட்டி மாதிரிச் சிற்றூர்களிலிருந்து வருகிற பிள்ளைகள்கூட வகுப்பில் இருக்கிறார்கள். மக்கும் பிளாஸ்டிக் பாடம் வந்தபோது, செடியிலிருந்தும் எடுக்கலாம் என்று புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. ‘நெசமாவா மேம்?’ என்று ஒருத்தி கேட்டாள். நிஜம்தான் என்றேன். எப்படி எடுப்பது என்று கரும்பலகையில் வரைந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். குழாயடியில் முளைத்ததையும், எப்படி முளைத்தது என்பதையும் சொன்னேன். செருப்பையும் போனையும் விடவில்லை. வகுப்பு அமைதியாகக் கேட்டது. மணி அடித்த பிறகும் இரண்டு பேர் எழுந்திருக்காமல் இருந்தார்கள்.

என் கணவர் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குப் பிறகு அழைக்கிறார், ஒரு மணி நேரம் பேசுகிறோம். மற்ற ஆறு நாளும் கல்லூரி விட்டு வந்து மாடியேறி, விளக்கைப் போட்டு, ஒருத்திக்குச் சோறு வடிக்கிறேன். கேட்கிறவர்களிடம், எனக்கென்ன என்று இப்போதெல்லாம் சொல்வதில்லை. தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது என்று சொல்கிறேன். மாமி கேட்டபோதும் அதையே சொன்னேன். ‘எனக்குந்தாம்மா’ என்றார். அடுத்த பஸ்ஸில் பையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு வந்து, என்னோடு பத்து நாள் இருந்துவிட்டுப் போனார்.